கரமனைத் தெருவும் ஆறும்: பழைய நிழற்படங்களின் ஓரத்தில்

கரமனையாறு அகத்தியர் மலைத்தொடரில் செம்முஞ்சி மொட்டையில் பிறந்து, 68 கிலோமீட்டர் ஓடி, கோவளத்துக்கு அருகே கடலில் கலக்கிறது. பேப்பாறை, அருவிக்கரை ஆகிய இரண்டு அணைகளைத் தாண்டிய பிறகு திருவனந்தபுரத்தின் தெற்குப் பக்கத்தைத் தொட்டு வளைகிறது. நாகர்கோவில் நெடுஞ்சாலை இந்த ஆற்றைக் கடக்கும் இடத்தில், நகரத்தை ஒட்டிய கரையில் இருப்பது கரமனை. தெற்கேயிருந்து வருபவர் முதலில் கரமனையாற்றையும், அடுத்துக் கிள்ளியாற்றையும் தாண்டித்தான் சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைய முடியும். இரண்டு ஆறுகளும் கீழே திருவல்லத்துக்கு அருகே ஒன்று சேர்கின்றன.

இந்த ஊருக்கு அடையாளம் தந்தவை மூன்று: ஆறு, பாலம், அக்ரஹாரம். கேரளத்தின் பெரிய அக்ரஹாரங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. திருவிதாங்கூர் அரசில் வேலை தேடியும், கோயில் காரியங்களுக்காகவும் திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தன. கரமனைக் கோயிலின் இறைவன் பெயர் சத்தியவாகீசுவரர். திருநெல்வேலிச் சீமையின் களக்காட்டிலும் இறைவனுக்கு அதே பெயர்தான். மலைக்கு அப்பால் விட்டுவந்த ஊரின் நினைவு இப்பக்கத்தில் ஒரு சந்நிதியின் பெயராக நிற்கிறது என்று கொள்ள இடமுண்டு. வீட்டில் தமிழ், கச்சேரியிலும் கடையிலும் மலையாளம், வேதபாடத்தில் சமஸ்கிருதம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே அந்தத் தெரு இயங்கியது.

அந்தத் தெருவும் கரையும் பழைய தோற்றத்தில் இன்று இல்லை. ஓட்டு வீடுகளின் இடத்தில் கான்கிரீட் கட்டடங்கள் எழுந்தன. நெடுஞ்சாலை அகன்றது, துறைகள் வெறிச்சோடின. மறைந்த கரமனை எப்படி இருந்தது என்று அறிய நிழற்படங்கள் பெருந்துணை. ஆனால் திருவிதாங்கூரில் கேமரா முதலில் தேடிப்போனது அரண்மனையையும் கோயிலையும் பாலத்தையும்தான். அன்றாட வாழ்க்கை படத்தின் நடுவில் இடம்பெறவில்லை. அது ஓரங்களில், பின்னணியில், படமெடுத்தவர் கருதாத மூலைகளில் தங்கியிருக்கிறது. அந்த மூலைகளைப் படிக்கத் தெரிந்தால் ஒரு தெருவையே மீட்டுக் காணலாம்.

கரமனையின் பழைய கருங்கல் பாலம் 1853-இல், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில், ஹார்ஸ்லி என்னும் ஆங்கிலப் பொறியாளரின் பொறுப்பில் கட்டப்பட்டது. பத்தாண்டு முன்னதாக, 1843-இல், திருநெல்வேலியில் தாமிரபரணிக்குக் குறுக்கே சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் எழுப்பிய பாலம் திறக்கப்பட்டிருந்தது. கரமனைக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பூர்வீகமான ஆற்றிலும், அவர்கள் குடியேறிய ஆற்றிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிலையான பாலங்கள் வந்தன. மழைக்காலத்தில் தோணிக்காகக் கரையில் காத்துக்கிடந்த வழிப்போக்கருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை இன்று ஊகிப்பதுகூடக் கடினம்.

பாலம் கட்டப்பட்ட அதே காலத்தில்தான் நிழற்படக் கலையும் ஒரு திருப்பத்தை அடைந்தது. 1851-இல் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். தகடு ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். ஆகவே படமெடுப்பவர் இருட்டுக் கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் கூடவே தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. தென்னிந்தியாவில் 1856-இல் சென்னை நிழற்படச் சங்கம் தொடங்கியது. 1858-இல் லின்னியஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்குச் சென்று மெழுகுக் காகிதத்தில் எதிர்ப்படங்கள் எடுத்தார். அவர் எடுத்தவற்றுள் வைகையாற்றின் குறுக்கே செல்லும் தரைப்பாதையும் ஒன்று. திருமலை நாயக்கர் மகால் பழுதுபார்க்கப்படுவதற்கு முன் எந்தக் கோலத்தில் இருந்தது என்பதற்கு அவருடைய படங்களே சிறந்த சாட்சி.

அந்தக் காலத்துப் படங்களைப் பார்ப்பவருக்கு முதலில் தோன்றுவது வெறுமை. தெருக்கள் ஆளற்றுக் கிடக்கும், ஆறு பால்போல அசையாமல் இருக்கும், வானத்தில் ஒரு மேகமும் தெரியாது. ஊர் அப்படி இருந்ததாக எண்ணுவது தவறு. தகட்டில் ஒளி பதியப் பல விநாடிகள், சில சமயம் நிமிடங்கள் ஆகும். அதற்குள் நடந்து சென்றவர் தகட்டில் பதியாமலே போய்விடுவார், அல்லது புகைபோல ஒரு கறையை விட்டுச் செல்வார். ஓடும் நீரின் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வழுவழுப்பான வெண்மையாகிவிடும். கொலோடியன் தகடு நீல ஒளிக்கு அதிகமாக வசப்படுவதால் மேகங்கள் வானத்தின் வெண்மையில் கரைந்துவிடும். படத்தில் தெளிவாக நிற்பவர் பெரும்பாலும் நிற்கச் சொல்லி நிறுத்தப்பட்டவர். கட்டடத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாகத் தூணோரம் நிறுத்தப்பட்ட அந்த வேலையாளின் வேட்டிக்கட்டும் தலைப்பாகையும், அவர் அறியாமலே, அக்கால உடைக்கு ஆவணமாயின.

1870-களில் உலர்தகடு வந்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. கூடாரம் தேவையில்லை என்றானதும், பதிவு நேரம் குறைந்ததும் கேமரா தெருவுக்கு வந்தது. 1888-இல் கோடாக் சுருள் கேமராவும், 1900-இல் மலிவான பிரவுனியும் வந்தன. இந்த ஆண்டுகளில்தான் திருவிதாங்கூரின் மிக முக்கியமான நிழற்படத் தொகுப்பு உருவானது. அரசின் நிழற்படக்காரராக இருந்த சக்கரியாஸ் டி குரூஸ் எடுத்த காட்சிகள் கர்சன் பிரபுவின் 1900-ஆம் ஆண்டு வருகையை ஒட்டி ஓர் ஆல்பமாகத் தொகுக்கப்பட்டன. கர்சன் சேகரிப்பின் பகுதியாக அது இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வி. நாகம் ஐயா 1906-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட திருவிதாங்கூர் அரசுக் கையேட்டிலும் நிழற்படங்கள் இடம்பெற்றன.

ஒரு சமஸ்தானம் வைசிராய்க்குத் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பும்போது எதைக் காட்டும் என்பதற்கு இத்தகைய தொகுப்புகள் நல்ல சான்று. வில்லியம் பார்ட்டன் வடிவமைத்து 1869-இல் முடிந்த தலைமைச் செயலகம், 1880-இல் எழுந்த நேப்பியர் அருங்காட்சியகம், கோயில் கோபுரங்கள், வர்க்கலையில் மலையைக் குடைந்த கால்வாய்ச் சுரங்கம் போன்றவையே பெருமைக்குரிய காட்சிகள். அரசு கட்டியவை, அரசு காப்பவை, வெள்ளைக்கார விருந்தினர் வியப்பவை. துணி துவைக்கும் துறையும் நெல் காயும் திண்ணையும் அந்தப் பட்டியலில் சேரவில்லை. சேராததில் வியப்பில்லை, ஆனால் இழப்பு பெரிது.

அறிஞர் கேமரா இன்னொரு திசையில் போயிற்று. 1908-இல் டி. ஏ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் துறைக்குப் பொறுப்பேற்ற பின், கல்வெட்டுகளும் சிற்பங்களும் முறையாகப் படமாக்கப்பட்டுத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் அச்சேறின. எல். ஏ. கிருஷ்ண ஐயர் 1937 முதல் 1941 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட திருவிதாங்கூர்ப் பழங்குடிகளும் சாதிகளும் பற்றிய நூலில், கரமனையாறு பிறக்கும் அகத்தியர் மலைக்காட்டின் காணிக்காரர்கள் உள்ளிட்டோர் இடம்பெற்றனர். இந்தப் படங்களில் மனிதர் நடுவில் நிற்கிறார், உண்மைதான். ஆனால் அவருக்குப் பெயர் கிடையாது. நேராகவும் பக்கவாட்டிலும் நிறுத்தி எடுக்கப்பட்ட மாதிரியாகவே அவர் தெரிகிறார். ஆற்றின் தலைமாட்டில் வாழ்ந்தவர் மாதிரியாகவும், ஆற்றின் நடுப்பகுதியில் வாழ்ந்தவர் பாலத்தின் ஓரக் கறையாகவும் பதிவானார்கள்.

இனி, அந்த ஓரங்களில் என்ன இருந்தது என்று பார்க்கலாம்.

அக்ரஹாரம் என்பது வரிசை வீடுகளின் தெரு. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றே. வீதியை நோக்கிய முகப்பு குறுகல், உள்ளே நீளம் அதிகம். வாசலில் திண்ணை, அதையடுத்து ரேழி, பிறகு வெளிச்சம் இறங்கும் முற்றமும் கூடமும், அதற்கப்பால் அடுக்களை, கிணறு, கொல்லை, கொட்டில். மச்சில் பாத்திரங்களும் ஓலைச்சுவடிகளும் இருக்கும். நெல்லுக்குப் பத்தாயம் தனி. தெருவின் ஒரு முனையில் நின்று எடுத்த படத்தில் இந்த உள்ளமைப்பு எதுவும் தெரியாது. கூரைகளின் ஒரே சரிவும், வரிசையாக நீளும் திண்ணைகளும், வாசற்கோலங்களின் வெண்மையும் மட்டும் தெரியும். ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து அடுத்த வீட்டுத் திண்ணைக்குத் தெருவில் இறங்காமலே போகக்கூடிய அந்தத் தொடர்ச்சிதான் அக்ரஹார வாழ்க்கையின் அடித்தளம். திண்ணையில் வழிப்போக்கர் படுத்தார், பிள்ளைகள் பாடம் சொன்னார்கள், கிழவர்கள் சீட்டுக் கட்டையும் ஊர்ச்செய்தியையும் பிரித்தார்கள். முகப்பை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்தபோது முதலில் போனது திண்ணைதான். இடையில் ஒரு வீடு திண்ணையை இழந்தால் தெருவின் தொடர்ச்சியே அறுந்துவிடுகிறது.

தெருவிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் துறை இரண்டாவது வாசல். விடியலில் நீராடல், சந்தியாவந்தனம், ஆவணி அவிட்டத்தில் பூணூல் மாற்றம், பிதுர்க்கடன் எல்லாம் கரையில் நடந்தன. கீழே திருவல்லத்தில், பரசுராமர் கோயிலருகே, கர்க்கடக அமாவாசையன்று பெருந்திரள் பலியிடக் கூடுவது இன்றும் நடக்கிறது. கரமனையின் சிறு துறைகளில் அந்த அன்றாட நடமாட்டம் தேய்ந்துபோனதற்கு ஒரு தேதியையே குறிப்பிடலாம். 1933 டிசம்பரில் அருவிக்கரையில் வைசிராய் வில்லிங்டன் பெயரால் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டது. கரமனையாற்றின் நீரே வடிகட்டப்பட்டுக் குழாய் வழியாக நகருக்கு வந்தது. நீராட ஆற்றுக்குப் போன தெருவில், அதே ஆற்றின் நீர் குழாய் வழியே முற்றத்துக்கு வந்தது. காலரா போன்ற நோய்களின் அச்சம் குறைந்தது மறுக்க முடியாத நன்மை. துறைக்குப் போகும் அவசியம் மெல்ல மெல்ல இல்லாமல் போனது அதன் மறுபக்கம்.

நெடுஞ்சாலை தன் பங்குக்கு வேறு காட்சிகளைக் கொண்டுவந்தது. திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவுக்குத் தெற்கிலிருந்து வரும் சரக்கெல்லாம் கரமனை வழியாகத்தான் வந்தது. நாஞ்சில் நாட்டு நெல், கருப்புக்கட்டி, உப்பு, பாலராமபுரத்துத் தறிவேட்டி எல்லாம் மாட்டுவண்டிகளில் ஏறி இரவில் புறப்பட்டு விடியலில் பாலத்தைத் தாண்டின. திருவிதாங்கூர்ச் சாலைகளின் ஓரத்தில் சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கற்களும், தங்கிச் செல்ல வழியம்பலங்களும், பிராமணப் பயணிகளுக்கு அரசுச் செலவில் சோறு போட்ட ஊட்டுப்புரைகளும் இருந்தன. பசித்தவருக்குச் சோறு என்ற அளவில் ஊட்டுப்புரை மேன்மையான ஏற்பாடு. ஒரு சாதிக்கு மட்டும் என்ற அளவில் அது அநீதி. பேருந்தும் சம்பள வேலையும் வந்த பின் இவை யாவும் பயனிழந்தன. சுமைதாங்கியின் இரண்டு தூண்களும் குறுக்குக் கல்லும் பிடுங்கப்பட்டன அல்லது மண்ணில் புதைந்தன. பழைய சாலைப் படங்களில் வண்டித்தடத்தின் ஓரமாக நெஞ்சுயரத்தில் ஒரு கல் கிடையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் சுமைதாங்கியாக இருக்கும்.

தேதி எழுதாத படத்துக்குக் காலம் கணிப்பதற்கு இப்படிப்பட்ட பொருட்களே கைகொடுக்கின்றன. கூரையில் குழல்போன்ற நாட்டு ஓடா, தட்டையான மங்களூர் ஓடா என்பது முதல் கேள்வி. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னரே தட்டை ஓடு பரவியது. தெருவில் மின்கம்பம் இருந்தால் படம் 1929-க்குப் பிந்தியது, ஏனெனில் அந்த ஆண்டில்தான் திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் வந்தது. தெருக்குழாய் தெரிந்தால் 1933-க்குப் பின். செம்மண் சாலைக்குப் பதில் வெளிறிய சிமென்டுப் பாதை தெரிந்தால், கன்னியாகுமரிச் சாலை கான்கிரீட்டால் போடப்பட்ட 1930-களுக்கு முன்னால் போக முடியாது. அரசுப் பேருந்து தெரிந்தால் 1938 பிப்ரவரி 20-க்குப் பின். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட சால்ட்டரின் மேற்பார்வையில் அன்றுதான் சித்திரைத் திருநாள் மகாராஜா முதல் பேருந்து ஓட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆற்றுக்கு மேல் ரயில் போனால் படம் 1979-க்குப் பிந்தியது, ஏனெனில் அந்த ஆண்டில்தான் கன்னியாகுமரிப் பாதை திறக்கப்பட்டது. படத்தின் பின்புறத்தில் எழுதிய ஆண்டு கொல்லம் ஆண்டாக இருந்தால் 824 அல்லது 825-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஜனவரி பிறப்பதற்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து அது மாறும்.

மனிதர்களின் தலையும் காலம் சொல்லும். முன்குடுமியா, பின்குடுமியா, கிராப்பா என்பது குடும்பப் படங்களில் தலைமுறையைப் பிரித்துக் காட்டும் கோடு. தாத்தா குடுமியோடும் மேல்வேட்டியோடும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மகன் குடுமியின் மேல் தலைப்பாகையும் மூடிய கோட்டும் அணிந்து நிற்பார். பேரன் கிராப்புத் தலையும் அரைக்கால் சட்டையுமாகத் தரையில் இருப்பான். பெண்கள் மடிசாரில் இருப்பார்கள், நகையெல்லாம் தெரியும்படி முந்தானை ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கும். கைம்பெண்கள் இந்தப் படங்களில் மிக அரிது. வீட்டில் அவர்கள் இல்லாமல் இல்லை. மங்கல நாளில் எடுக்கும் படத்தில் அவர்களுக்கு இடமில்லை என்று அக்காலம் வகுத்திருந்தது. படத்தில் இல்லாதவர்களை எண்ணிப் பார்ப்பதும் படத்தைப் படிப்பதன் ஒரு பகுதி.

இல்லாதவர் பட்டியல் அத்தோடு முடிவதில்லை. அக்ரஹாரத் தெரு எல்லோருக்கும் திறந்த தெரு அல்ல. கரமனைக்குத் தெற்கே அதிக தூரமில்லாத வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி 1893-இல் வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். சாலையில் நடக்கவே உரிமையில்லாத மக்கள் அந்த வண்டியில் தங்கள் உரிமையைக் கண்டார்கள். 1924 மார்ச் முதல் 1925 நவம்பர் வரை வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளுக்காகப் போராட்டம் நடந்தது. 1936 நவம்பர் 12-இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. அதற்கு முன் எடுத்த ஓர் அக்ரஹாரத் தெருப்படத்தில் தெரியும் அமைதியும் ஒழுங்கும், பலர் அங்கே வரக்கூடாது என்ற தடையாலும் விளைந்தவை. கரையில் நெல் நட்டவர், தோணி தள்ளியவர், மணல் சுமந்தவர், பாலத்துக்குக் கருங்கல் செதுக்கியவர் ஆகியோரின் வீடுகள் எந்த ஆல்பத்திலும் இடம்பெறும் அளவுக்கு நிலையானவையாகவும் இல்லை. ஓலையும் மண்ணும் ஒரு தலைமுறைகூடத் தாங்குவதில்லை.

கேமராவால் தொட முடியாதவையும் உண்டு. கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவன் (1839–1900) தமிழில் சிவபக்திப் பாடல்கள் இயற்றியவர். அவர் மரபில் வளர்ந்த பஜனை இந்தத் தெருவின் உயிர்நாடி. இளமையைத் திருவனந்தபுரத்தில் கழித்த பாபநாசம் சிவனை அந்தப் பாடல்கள் ஆழமாகத் தொட்டன. பஜனை நடந்தது விடிவதற்கு முன் அல்லது இரவில், எண்ணெய் விளக்கின் ஒளியில். மக்னீசியம் பொடியைக் கொளுத்திப் படமெடுக்கும் வசதி 1880-களின் இறுதியில்தான் வந்தது, அதுவும் புகையையும் நாற்றத்தையும் கக்கியது. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் முறைஜபம் நடத்தி லட்சதீபம் ஏற்றிய ஊரில் விளக்கொளியே பெரிய காட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிழற்படத்துக்கு அது எட்டவில்லை. இரவு வாழ்க்கை முழுவதும் பாட்டாகவும் வாய்ச்சொல்லாகவுமே வந்து சேர்ந்திருக்கிறது.

பகலில் நடக்கும் ஒரு நிகழ்ச்சி மட்டும் கரமனைக்குத் தொடர்ச்சியான படவரிசையைத் தரவல்லது. அதுதான் நவராத்திரி விக்கிரக ஊர்வலம். தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பின், பத்மநாபபுரம் தேவாரக்கட்டுச் சரஸ்வதியும், வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரம் வருகிறார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட திருமேனி என்பது மரபு. குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாக வரும் ஊர்வலம் கரமனையை அடைந்ததும் குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் ஏறுகிறார். அங்கிருந்து நகருக்குள் வரவேற்பு. சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் கொலுவிருக்கிறார்கள். ஊர்வலத்துக்கு முன்னால் அரசின் உடைவாள் வருகிறது.

ஒரே இடம், ஒரே பருவம், ஒரே நிகழ்ச்சி. ஊர்வலப் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கினால் மாறாதது நடுவிலும், மாறியது ஓரத்திலும் இருப்பது கண்கூடாகும். வெள்ளிக் குதிரையும் குடையும் அப்படியே இருக்கும். பின்னால் ஓட்டுக்கூரை இரண்டு மாடிக் கடையாகும், கடையின் மேல் விளம்பரப் பலகை வரும், பிறகு கண்ணாடி முகப்பு. வேடிக்கை பார்ப்பவரின் தோளில் துண்டு இருந்த இடத்தில், கையில் செல்பேசி. இந்த வரிசைக்குள் அரசியல் எல்லையும் புகுந்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அன்று முதல் விக்கிரகங்கள் களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து கரமனைக்கு வருகின்றன. இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செய்கிறார்கள். ஒரே நாட்டின் இரு தாலுகாக்களுக்கு இடையே பெண் கொடுத்து எடுத்த கரமனைக் குடும்பங்களுக்கு அந்தக் கோடு வெறும் வரைபடக் கோடாக இருக்கவில்லை.

தெரு கலைந்ததற்குக் காரணங்கள் பல திசைகளிலிருந்து வந்தன. படித்த தலைமுறை சென்னைக்கும் பம்பாய்க்கும் தில்லிக்கும் வேலை தேடிப் போனது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் உழுதவருக்கு நிலத்தைத் தந்தது. குத்தகை நெல்லை நம்பிய பத்தாயங்கள் காலியாயின. 1976 டிசம்பரில் கேரளத்தில் கூட்டுக் குடும்பச் சொத்து முறையே சட்டத்தால் நீக்கப்பட்டது. பத்தடி அகலமும் நூறடி நீளமுமாக இருக்கும் ஒரு வரிசை வீட்டை நான்கு பங்காகப் பிரித்தால் யாராலும் குடியிருக்க முடியாது. விற்பதே வழி. நடுச்சுவர் பொது என்பதால் ஒரு வீட்டை இடித்தால் பக்கத்து வீடு விரிசல் விடும், பிறகு அதுவும் இடிபடும். களியக்காவிளை வரையிலான நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை சாலையோரக் கட்டடங்களையும் மரங்களையும் எடுத்துக்கொண்டது.

ஆற்றுக்கு வேறு விதி. கான்கிரீட் வீடுகளுக்கு மணல் வேண்டும். அந்த மணல் ஆற்றிலிருந்தே வாரப்பட்டது. படுகை தாழ, கரை சரிய, நீருக்குள் இறங்கிய துறைப் படிகள் நீருக்கு மேலே தொங்கலாக நின்றன. ஆற்றங்கரையைக் காக்கவும் மணல் எடுப்பதை முறைப்படுத்தவும் 2001-இல் மாநில அரசு தனிச் சட்டம் இயற்றியது. தெருவை இடித்துக் கட்டிய வீடுகளின் சுவருக்குள் இந்த ஆற்றுமணலும் இருக்கிறது. பழைய வயல்வெளியின் ஒரு துண்டு மட்டும் நெடுங்காட்டில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணையாகத் தப்பியிருக்கிறது.

மறைந்த தெருவின் படங்கள் அரசு ஆவணக்காப்பகத்தை விட அதிகமாக வீடுகளில்தான் இருக்கின்றன. உபநயனம், கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்று எடுத்தவை ஆல்பத்திலும், இறந்தவர் படங்கள் கூடத்துச் சுவரில் ரவிவர்மா அச்சுப்படங்களுக்குப் பக்கத்திலும் இருந்தன. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய பெரியவர்கள் பலரின் முகம் பதிவாகவே இல்லை. எடுத்த படங்களுக்கும் திருவனந்தபுரத்தின் ஈரப்பதம் பகை. கண்ணாடித் தகட்டின் ஜெலட்டின் பூச்சில் பூஞ்சை படரும், அட்டையில் ஒட்டிய படத்தைச் செல்லரிக்கும், வெள்ளி உப்பு கறுத்து முகத்தை விழுங்கும். ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது எதிர்ப்படங்கள் குப்பைக்குப் போயின. பூச்சைச் சுரண்டிக் கண்ணாடியாக விற்றதும் உண்டு.

இத்தகைய இழப்பைத் தடுக்கத் தமிழகத்தில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் கோயில்களைப் படமெடுத்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நிழற்படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதே நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பழைய ஸ்டூடியோக்களையும் வீடுகளையும் தேடிச் சென்று குடும்பப் படங்களை எண்மப்படுத்தியது. திரை ஓவியத்தின் முன் நாற்காலியில் உட்கார்ந்த பெயர் தெரியாத குடும்பங்கள் வரலாற்றுச் சான்றுகளாக மதிக்கப்பட்டன. கரமனை, வலியசாலை, ஸ்ரீவராகம் போன்ற திருவனந்தபுரத்துத் தமிழ்த் தெருக்களின் ஆல்பங்களுக்கும் அதே மதிப்பு உண்டு.

எண்மப்படுத்தும் வேலையில் ஸ்கேனரை விட அவசரமானது படத்துக்கு அடியில் எழுதும் குறிப்பு. யார், எந்த வீடு, எந்த ஆண்டு, பின்னால் தெரிவது கோயில் மதிலா துறையின் சுவரா என்பதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைக் கடந்தவர்கள். நல்ல வழக்கங்கள் இரண்டு உண்டு. முதலாவது, மூல அட்டையின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதுவது, பேனா மை ஊறி முகத்துக்கு வரும் என்பதால். இரண்டாவது, படத்தை வெட்டாமல் ஓரம் முழுவதையும் சேர்த்து எடுப்பது. கல்யாணப் படத்தில் முகங்கள் மட்டும் வேண்டுமென்று ஓரத்தை நறுக்கிவிட்டால், பந்தலுக்கு அப்பால் தெரியும் நாட்டு ஓட்டுக்கூரையும், திண்ணைத் தூணும், தெருமுனையில் ஆற்றுக்கு இறங்கும் படிகளின் முதல் இரண்டு படியும் அத்தோடு போய்விடும்.